பாடினியும் கேட்போரும்

முன்னுரை

பாடும் மகளிர்பால் கேட்போர் கொள்ளும் அன்பு தமிழிலக்கியத்திற்குப் புதியதன்று. பாடினி, விறலி, மாதவி, மதங்கசூளாமணி எனப் பல பெயர்களில் இசைமகளிர் நம் நூல்களில் உலவுகின்றனர். அவரைப் பாடிய புலவர் ஒவ்வொருவரும் ஒருவகையில் கேட்போரே. கேட்டு மகிழ்ந்து, மகிழ்ந்ததைச் சொல்லில் வைத்தவர். இன்று இசைத்தட்டும் வானொலியும் வழியாகப் பெண்பாடகியர் ஒருவர்மேல் நெஞ்சு தோய்ந்து, அவர் பாடல்களைத் தேடித்தேடிக் கேட்கும் சுவைஞன் அப்புலவரின் வழிவந்தவன் எனலாம். ஆனால் அவன் அன்பு திறனாய்வாளர்க்கு ஐயத்திற்குரியதாகவே இருந்து வருகின்றது. அன்புடையான் குற்றம் காணான். குற்றம் காணாதவன் குணத்தையும் அளந்து காணான் என்பது பொதுவான கருத்து.

இக்கருத்து ஆராய்தற்குரியது. அன்பு கேள்வியைக் கூர்மையாக்குமா, மழுங்கச் செய்யுமா? இவ்வினாவிற்கு விடை காண, பாடும் மகளிரைப் பற்றிப் பேசும் நம் இலக்கியச் சான்றுகள் சிலவற்றையும், 20ஆம் நூற்றாண்டின் இசைமகளிர் சிலர் பெற்ற புகழுரைகளையும் ஒருங்கு வைத்துக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். யான் நடுநிலையாளன் அல்லேன். கொடுமுடி கே. பி. சுந்தராம்பாள், மதுரை எம். எஸ். சுப்புலட்சுமி, காஞ்சிபுரம் டி. கே. பட்டம்மாள் ஆகியோர் குரல்களில் நெடுங்காலம் தோய்ந்தவன். அத்தோய்வினால் யான் செய்த பிழை ஒன்றும் இக்கட்டுரைக்குக் காரணமாகும். அதனைப் பின்னர்க் கூறுவேன்.

காண்போன்

பொருநராற்றுப்படை 248 அடிகளால் ஆகியது. கரிகாற் பெருவளத்தானை முடத்தாமக்கண்ணியார் பாடியது. அதன் தொடக்கத்தில் பாலை யாழின் வருணனை வருகின்றது. யாழின் பத்தர், அதனைப் போர்த்த தோல், துளைகளை மறைக்கும் ஆணி, கோடு, திவவு, நரம்பு என உறுப்புகள் ஒவ்வொன்றும் உவமையால் விளக்கப்படுகின்றன. அதனை இயக்கும் விரல்தொழில்கள் வார்தல், வடித்தல், உந்தல், உறழ்தல் என நான்காகப் பகுத்துச் சொல்லப்படுகின்றன. ஆறலை கள்வரும் தம் கொடுமை மறந்து படைக்கலம் நெகிழ விடுவர் என அதன் பயனும் கூறப்படுகின்றது. இங்குக் கருவியின் அமைப்பும் இயக்கமும் பயனும் அறிந்த செவி ஒன்று பேசுகின்றது.

இதனை அடுத்துப் பாடினி வருகின்றாள். உடனே செவி மறைந்து கண் முன்வருகின்றது. கூந்தலில் தொடங்கி அடியில் முடியும் முடிமுதல் அடிவரையான வருணனை இருபதடியளவு செல்கின்றது. நுதல், புருவம், கண், வாய், பல், காது, கழுத்து, தோள், கை என எதுவும் விடுபடவில்லை. நடந்து வருந்திய அடியின் கொப்புளமும் விடுபடவில்லை. ஆனால் அவள் பாட்டைப் பற்றி யாது கூறப்பட்டது? அவள் பாடிய பாணிக்கு ஏற்ப வழிபாடு நிகழ்ந்தது என்ற குறிப்பே உண்டு. பாணி என்னும் ஒரு சொல்லளவில் அவள் இசை அடங்கி விடுகின்றது.

சிறுபாணாற்றுப்படையிலும் இதே நிலையைக் காண்கின்றோம். ஓர் உறுப்பின் வருணனை அடுத்த உறுப்பின் வருணனைக்கு வழிவிடத் தொடர்கோவையாக விறலியர் அழகு புனையப்படுகின்றது. பாண்மகன் சீறியாழை இடப்பக்கம் தழுவி நைவளம் என்னும் பண் முற்றிய பாலையை முறையறிந்து இயக்குகின்றான். ஆடவனுக்குப் பண்ணின் பெயர் கிடைத்தது. மகளிர்க்கு உவமைகள் கிடைத்தன. அவர்தம் வருந்திய சீறடியை இளையர் மெல்ல வருடினர் என நத்தத்தனார் கூறுவது நயமான பரிவு. அப்பரிவும் அடியோடு நின்று விட்டது, குரல்வரை செல்லவில்லை.

இதனை அப்புலவர்களின் குறையென்று கொள்ளல் தகாது. ஆற்றுப்படை பரிசில் நாடிய இலக்கியம். இரவலர் வறுமையும் பொலிவும் எதிர்நிறுத்திக் காட்டல் அதன் மரபு. வள்ளலின் கொடையை உயர்த்துதற்கு அது வேண்டியதாயிற்று. எனினும் மரபு ஒன்று தோன்றிய காரணம் வேறு, அது கேட்போர்க்குக் கற்பிக்கும் பழக்கம் வேறு. தொல்காப்பியர் ஆற்றுப்படுத்துவோராகக் கூத்தர், பாணர், பொருநர், விறலி என நால்வரைக் கூறினார். முன்னைய மூவரும் பத்துப்பாட்டில் நெடும்பாட்டுப் பெற்றனர். விறலியாற்றுப்படை அங்கு ஒன்றும் இல்லை. புறநானூற்றிலும் பதிற்றுப்பத்திலும் குறும்பாடல்களாகவே அமைந்தது.

ஆயின் அக்குறும்பாடல்களில் ஒரு சிறப்புண்டு. புறம் 103இல் ஔவையாரும், 105இல் கபிலரும் விறலியை நேர்நின்று விளிக்கின்றனர். விறலியே, பாரியைப் பாடிச் சென்றால் அணிகலன் பெறுவாய் என்பது கபிலர் கூற்றின் கருத்து. இங்கே அவளுக்குப் பொருள் தருவது அவள் அழகன்று, பாடுதலாகிய தொழில். நெடும்பாட்டுப் பெறாதவள் குறும்பாட்டில் கலைஞராகப் பேசப்படுகின்றாள் என்பது எண்ணத்தக்கது.

பிறழக் கேட்போன்

இரண்டாம் வகைக் கேட்போனுக்குச் சிலப்பதிகாரக் கோவலனே தக்க சான்று. அரங்கேற்று காதையில் மாதவியின் கலைப்பயிற்சி விரிவாகச் சொல்லப்படுகின்றது. ஏழாண்டு பயின்று பன்னிரண்டாம் ஆண்டில் அவள் மன்னன் முன் அரங்கேறினாள். ஆடலாசிரியன், இசையாசிரியன், தண்ணுமை முதல்வன், குழலோன், யாழாசிரியன் ஆகியோர் இலக்கணம் தனித்தனியே கூறப்படுகின்றது. அவள் தலைக்கோற் பட்டமும் 1008 கழஞ்சுப் பொன்னும் பெற்றாள். அதே விலைக்கு அவள் மாலை நகர வீதியில் கூனி கையில் விற்பனைக்கு வர, கோவலன் அதனை வாங்கினான். மாதவியோடு அவன் உறவு ஒரு கலைஞரைக் கேட்டதால் தொடங்கியது என்று இளங்கோவடிகள் கூறவில்லை. ஒரு மாலையை வாங்கியதால் தொடங்கியது என்றே கூறுகின்றார்.

கானல்வரியில் இதன் விளைவு வெளிப்படுகின்றது. புகார்க் கடற்கரையில் மாதவி யாழைத் திருத்தி, நரம்புகளின் இசையை ஆராய்ந்து, கோவலன் கையில் தருகின்றாள். அவன் காவிரியையும் கானலையும் பாடுகின்றான். அப்பாட்டில் வேறொருத்திமேல் அவன் வைத்த குறிப்பு உண்டெனக் கருதி மாதவி ஊடுகின்றாள். பின் யாழை வாங்கித் தானும் வேறொரு குறிப்பினள் போலப் பாடுகின்றாள். கோவலன் அதனை மெய்யெனக் கொண்டு அவளை நீங்குகின்றான்.

பிழை இருவர்பாலும் உண்டு என்பதனை மறுத்தற்கில்லை. முதலில் பிறழக் கேட்டவள் மாதவியே. ஆயினும் இருவர் பிழைக்கும் வேற்றுமை பெரிது. மாதவி தன் ஐயத்திற்கு விடையாக ஒரு பாட்டைப் பாடினாள். கலைக்குள் நின்றே ஊடினாள். கோவலன் தன் ஐயத்திற்கு விடையாக எழுந்து போனான். கலையை விட்டே நீங்கினான். கானற்பாட்டில் வரும் தலைவி புலனெறி வழக்கத்தின் தலைவி. நெய்தல் நிலத்து இரங்கலை எப்பாடகியும் பாடலாம். பாட்டின் தலைவியைப் பாடியவளாகவே கொண்டதுதான் கோவலன் செய்த தவறு. அகப்பொருளில் சுட்டி ஒருவர் பெயர் கொள்ளாத மரபின் அருமை இங்கு நன்கு விளங்கும். பெயர் சுட்டாத பாட்டிலும் பெயரைத் தேடிய செவி ஒரு காப்பியத்தின் துன்பத்திற்கே வாயில் திறந்தது.

கேட்போன்

மூன்றாம் வகை, பாட்டைப் பாட்டாகக் கேட்பது. இதற்குச் சான்று மனிதரிடம் மட்டும் தேட வேண்டியதில்லை. அகநானூறு 102ஆம் பாட்டில் கொடிச்சி ஒருத்தி தன் கூந்தலைக் கோதியவாறு குறிஞ்சிப்பண் பாடுகின்றாள். தினை கவர வந்த களிறு தினைக்கதிரையும் கொள்ளாமல், நின்ற நிலையினின்றும் பெயராமல், உறக்கமறியாத கண்கள் உறங்க நின்று விடுகின்றது. பாடியவளைப் பற்றிச் சொல்லப்பட்டது கூந்தல் ஒன்றே. பண்ணின் பெயர் சொல்லப்பட்டது. அது கேட்டதன் பயன் சொல்லப்பட்டது. தினைக்கதிர்க்கும் குரல் என்பது பெயர். இசை ஏழனுள் முதலாவதற்கும் குரல் என்பதே பெயர். மிடற்றோசைக்கும் அதுவே பெயர். ஒரு குரலைக் கேட்ட களிறு மற்றொரு குரலை மறந்தது என்னும் நயம் புலவர் கருதியதாகலாம். எவ்வாறாயினும், தனக்கு வேண்டியதைக் கொள்ள வந்த ஒன்று, கேட்டபின் கொள்ளாது நின்றது. கொள்ளக் கருதாத கேள்வியே மூன்றாம் வகையின் இலக்கணம் என்க.

மனிதருள் இவ்வகைக்குச் சான்று இளங்கோவடிகளே. கோவலன் பிறழக் கேட்ட அதே இடத்தில், மாதவியின் குரல் கருவியோடு ஒன்றி இயைந்தது என்றும், நிலத்தெய்வம் வியக்கவும் உலகோர் மனம் மகிழவும் பாடத் தொடங்கினாள் என்றும் அவர் கூறுகின்றார். கலமும் கண்டமும் கூடிய கூட்டத்தைக் கேட்ட செவி அது. வேனிற் காதையில் பிரிந்த மாதவி நிலாமுற்றத்தில் 14 நரம்பு கொண்ட யாழை எடுத்துப் பாலையை நிறுத்தி, நால்வகைச் சாதியும் மூவகை இயக்கமும் முறையே நோக்கி இசைக்கின்றாள். அவ்விடத்தில் புறத்ததாகிய பாணி ஒன்றில் அவள் மயங்கினாள் எனவும் அடிகள் குறிக்கின்றார். அவள் துயரை அடிகள் அறிவார். அத்துயர் இசையில் எங்கே புகுந்தது என்பதனையும் அறிவார். அவள் துயருற்றாள், எனவே பாட்டும் துயரமானது என்று பொதுப்படக் கூறிவிடாமல், எந்த இடத்தில் கை தடுமாறியது என்று சுட்டுகின்றார். அன்பும் அளவும் ஒருங்கு நின்ற திறனாய்வு ஈது.

இக்காலப் புகழுரைகள்

முதலிரண்டு வகைக் கேள்வியும் வேறுடை புனைந்து நம் காலத்தும் வாழ்கின்றன. உடலழகைப் புனைதல் இன்று நாகரிகமாகாது. அவ்விடத்தைத் தெய்வமாக்கும் புகழுரை பிடித்துக் கொண்டது. எம். எஸ். சுப்புலட்சுமி (1916–2004) இதற்குப் பெரிதும் ஆளானவர். 1938இல் சேவாசதனம், 1940இல் சகுந்தலை, 1941இல் சாவித்திரி, 1945இல் மீரா என நான்கு தமிழ்ப்படங்களில் நடித்தார். மீராவின் இந்தி வடிவம் 1947இல் வந்தது. அதற்குப்பின் மக்கள் மீராவையும் அவரையும் பிரித்துக் காணவில்லை. தெய்வக்குரல் என்பது அவர்க்கு அடைமொழியே ஆயிற்று.

அடைமொழி பெரிதாயின் கேட்பதற்கு இடம் சிறிதாகும். அவர் அன்னையார் மதுரைச் சண்முகவடிவு வீணைக் கலைஞர். குழந்தைப் பருவந்தொட்டு வீணை நரம்பின் ஒலியோடு பழகிய செவி, சுருதியினின்று இம்மியும் விலகாமை கற்றது வியப்பன்று. செம்மங்குடி சீனிவாச ஐயரிடம் கீர்த்தனங்களைப் பாடம் செய்தார். பல மொழிச் சொற்களையும் பொருளறிந்து, ஒலிப்புத் திருத்திப் பாடினார். இவையெல்லாம் உழைப்பு. தெய்வக்குரல் என்று கூறும்போது உழைப்பு மறைந்து விடுகின்றது. பொருநராற்றுப்படையில் பாடினியின் பயிற்சி மறைந்தவாறே ஈண்டும் மறைகின்றது.

இதனுடன் மற்றொரு செய்தியையும் வைத்துக் காண்க. சென்னைச் சங்கீத வித்வத் சபை 1928இல் தோன்றியது. சங்கீத கலாநிதி என்னும் அதன் விருதினைப் பெண் ஒருவர் முதன்முதலாகப் பெற்றது 1968இல், அவர் சுப்புலட்சுமி. அடுத்து 1970இல் பட்டம்மாளும் 1977இல் எம். எல். வசந்தகுமாரியும் பெற்றனர். கோயிலில் தெய்வமாக வைத்தற்கு விரைந்த நெஞ்சங்கள், அவையில் தலைமை தருதற்கு 40 ஆண்டு காலம் தாழ்த்தன. தெய்வமாக்கலும் ஒதுக்கி வைத்தலும் பகையல்ல, சிலபோது துணையாகும்.

டி. கே. பட்டம்மாள் (1919–2009) பெற்ற புகழுரை வேறுவகையது. இராகம் தானம் பல்லவியை மேடையில் விரித்துப் பாடுதல் மகளிர்க்கு உரியதன்று எனக் கருதிய காலத்தில் அதனைப் பாடி நிலைநாட்டினார். அதனால் ஆடவர்க்கு நிகரானவர் எனப் போற்றப்பட்டார். போற்றியோர் நல்லெண்ணத்தை ஐயுற வேண்டா. ஆயினும் இப்புகழுரையில் அளவுகோல் அவரது இல்லை. கடினமான தாள அமைப்பில் சொற்களைச் சிதையாமல் நிறுத்தியமை, கீழ்த்தாயிப் பகுதியில் குரல் நிறைந்து நின்றமை, பாரதியார் பாடல்களில் சொல்லின் மிடுக்கு இசையால் குன்றாமை ஆகியன அவர்க்கே உரிய குணங்கள். பிறர்க்கு நிகர் என்றல் இவற்றுள் ஒன்றையும் சொல்லாது.

யான் செய்த பிழை

இனி, என் பிழையைக் கூறுவல். கே. பி. சுந்தராம்பாள் (1908–1980) குரலை யான் முதலில் கேட்டது எங்கள் ஊர்க் கோயில் விழாவில். பனைமரத்தில் கட்டிய ஒலிபெருக்கிக் குழாய் வழியாக, விடியுமுன் வயல்வெளி முழுதும் அக்குரல் பரந்தது. அன்று தொட்ட அன்பு இன்றும் நீங்கவில்லை. பின்னர் அவர் வாழ்க்கையை அறிந்தேன். நாடகமேடையில் இணையாக விளங்கிய கணவர் எஸ். ஜி. கிட்டப்பா 1933இல் இளமையிலேயே மறைந்தார். அதன்பின் சுந்தராம்பாள் வெள்ளுடை உடுத்துத் துறவு வாழ்க்கை போன்றதொரு வாழ்க்கை மேற்கொண்டார். இதனை அறிந்தபின் அவர் பாடிய ஒவ்வொரு பாட்டிலும் துயரமே எனக்குக் கேட்டது.

முதுகலை மாணவனாய் இருந்தபோது அக்குரலைப் பற்றிக் கட்டுரை ஒன்று எழுதினேன். பிரிவின் பிழம்பு எனவும் தனிமையின் ஓலம் எனவும் அடுக்கினேன். ஆசிரியர் அதனைப் படித்துவிட்டு, நீ எடுத்துக் கொண்ட பாட்டு யாது என வினவினார். முருகனை வாழ்த்தும் பாட்டு என்றேன். அதில் துயரம் எச்சொல்லில் உள்ளது, எச்சுரத்தில் உள்ளது என்றார். விடை கூற இயலவில்லை. அவர் கட்டுரையைத் திருப்பித் தந்தபோது, “தம்பி, நீ அந்த அம்மையாரின் வரலாற்றைக் கேட்டிருக்கிறாய், பாட்டைக் கேள்” என்றார். கோவலன் சினத்தால் செய்ததை யான் இரக்கத்தால் செய்தேன் என்று உணர எனக்கு நெடுநாள் ஆயிற்று. சினமாயினும் இரக்கமாயினும் பாடியவளைப் பாட்டின் தலைவியாகக் கொண்ட பிழை ஒன்றே.

பின்னர் அதே பாட்டை வரலாற்றை ஒதுக்கி வைத்துக் கேட்டேன். பலமுறை கேட்டபின் புலப்பட்டன இவை. ஒலிபெருக்கி இல்லாத நாடகக் கொட்டகையின் கடைசி வரிசைவரை எட்டப் பழகிய குரல் அது. தாரநிலையில் ஏறியபின்னும் உயிரெழுத்துகள் குறுகாமல் தம் வடிவில் நிற்கின்றன. மெய்யெழுத்துகள் தெளிவாக வெட்டுப்பட்டு விழுகின்றன. சொல்லின் முடிவில் மூச்சு தளர்வதில்லை. அடியின் முடிவில் குரல் இறங்காது நிமிர்ந்தே நிற்கின்றது. துயரத்தின் குரல் என்று யான் எழுதியது உண்மையில் ஆணையிடும் குரலாக இருந்தது. 1953இல் அவ்வையார் படத்தில் ஔவையாகவும், 1964இல் பூம்புகார் படத்தில் கவுந்தியடிகளாகவும், 1965இல் திருவிளையாடல் படத்தில் மீண்டும் ஔவையாகவும் அவர் தோன்றினார். இறைவனையும் அரசனையும் நேர்நின்று வினவும் முதுபெண்டிர் பாத்திரங்களுக்கு அக்குரல் பொருந்தியது எதனால் என்பது அப்போதுதான் விளங்கிற்று. வாழ்க்கை வரலாறு இவ்விளக்கத்தைத் தரவில்லை. எழுத்துகளின் ஒலிப்புத் தந்தது.

இதனால் என் அன்பு குறைந்ததா? குறையவில்லை. முன்னர் அன்பிற்குக் காரணம் சொல்லத் தெரியாதிருந்தேன். இப்போது ஒருசில காரணமாவது சொல்லத் தெரிகின்றது.

அன்பின் தொழில்

அன்பு ஆராய்ச்சிக்குப் பகையன்று என்பதற்கு இருவர் வாழ்க்கையைச் சான்றாகக் காட்டலாம்.

வீணை தனம்மாள் (1867–1938) சென்னையில் தம் இல்லத்தில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசித்தார். வீணையோடு தாமும் பாடுவார். இளங்கோவடிகள் கூறிய கலத்தொடு கண்டம் புணர்ந்த இசை அது. பெருங்கூட்டம் இல்லை, கேட்க வந்தோர் அமைதி காத்துச் செவியைத் தாழ்த்திக் கேட்டனர். அவ்வில்லத்தில் வளர்ந்த பேத்தியரான டி. பிருந்தா, டி. முக்தா ஆகியோர் க்ஷேத்ரக்ஞர் பதங்களை அம்மரபு வழுவாமல் பாடிக் காத்தனர். மற்றொரு பேத்தியாகிய டி. பாலசரசுவதி அவற்றை அபிநயத்தில் காத்தார். அவ்வீட்டின் அன்பு புகழுரையாக வெளிப்படவில்லை; பாடமாக வெளிப்பட்டது. கேட்டதை மாற்றாமல் அடுத்தவர் செவியில் வைப்பதே அவர்கள் அறிந்த போற்றுதல்.

பெங்களூர் நாகரத்தினம்மாள் (1878–1952) மற்றொரு சான்று. தியாகராசர்பால் கொண்ட பேரன்பினால் திருவையாற்றில் அவர் சமாதிக்குக் கோயில் எடுப்பித்தவர் இவர். அங்கு நிகழ்ந்த ஆராதனையில் மகளிர் பாடுதற்கு இடமில்லாதிருந்த காலத்தில் மகளிர்க்கென ஒரு பிரிவை அமைத்துப் பாடவும் வைத்தார். 18ஆம் நூற்றாண்டில் தஞ்சை மராட்டிய அவையில் விளங்கிய முத்துப்பழனி என்னும் பெண்பாற் புலவரின் தெலுங்கு நூலாகிய ராதிகா சாந்துவனத்தை இவர் 1910இல் பதிப்பித்தார். முன்வந்த பதிப்பில் விடுபட்டிருந்த பகுதிகளை, முத்துப்பழனி தம்மைப் பற்றிக் கூறிய முன்னுரைப் பாடல்கள் உள்ளிட்டு, ஏட்டிலிருந்து சேர்த்தார். அடுத்த ஆண்டே அரசு அந்நூலைத் தடை செய்தது. தடை நீங்கியது 1947இல். ஒரு பாடகி, தமக்கு முன் வாழ்ந்த ஒரு பெண்புலவரை விரும்பிப் படித்தார். விருப்பத்தோடு நில்லாமல் ஏட்டை ஒப்புநோக்கினார். உ. வே. சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டையும் 1892இல் சிலப்பதிகாரத்தையும் பதிப்பித்ததும் இத்தகைய அன்பின் தொழிலே. பாடவேறுபாடு காணும் கண் அன்பில்லாதவர்க்கு வாயாது. அன்பு இருந்தும் பாடவேறுபாடு காணாதவர் அன்பு முழுமையுறாது.

பெயர்

ஒன்று எஞ்சி நிற்கின்றது. அது பெயர் பற்றியது. தேவாரப் பண்கள் மறைந்திருந்த காலத்தில், திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண் ஒருவர் திருவெருக்கத்தம்புலியூரினின்று அழைத்து வரப்பட்டு அவற்றிற்குப் பண் வகுத்தார் எனத் திருமுறைகண்ட புராணம் கூறுகின்றது. இன்று ஓதுவார் பாடும் முறைக்கு மூலமாகச் சொல்லப்படுபவர் அவர். நம்பியாண்டார் நம்பியை எல்லோரும் அறிவர், யாழ்ப்பாணரையும் அறிவர். அப்பெண்ணை ஒருவர் வழித்தோன்றல் என்ற அளவிலேயே வழங்கி வருகின்றோம். பாடினி என்னும் சொல் பாடும் தொழிலைக் குறிக்கும். காக்கைபாடினியார் என்னும் புலவர் பெயரில் செய்யுள் இயற்றலையும் குறிக்கும். ஆற்றுப்படைப் பாடினியர்க்கோ அச்சொல் தொழிற்பெயராகவே நின்றது. இயற்பெயர் நமக்குக் கிட்டவில்லை.

இதற்கு மாறாகத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டினைக் காண்க. முதல் இராசராசன் குடியேற்றிய தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேருடைய பெயர்களும், அவர்கள் எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தனர் என்பதும், தெருவில் எத்தனையாம் வீடு என்பதும் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. ஒவ்வொருவர்க்கும் ஆண்டுக்கு நெல் 100 கலம். எழுதியவன் கணக்கன், புகழ வந்தவன் அல்லன். ஆயினும் பெருமக்கள் பலர் பாட்டில் கிட்டாத பெயர்கள் அக்கணக்கில் கிட்டுகின்றன. புகழுரை பல நேரங்களில் பெயரை மறைக்கும். கணக்கு பல நேரங்களில் பெயரைக் காக்கும் என்பதனை ஆய்வாளர் உளங்கொள்ள வேண்டும்.

முடிபு

இதுகாறும் கூறியவற்றால் பாடும் மகளிர்பால் கேட்போர் கொள்ளும் அன்பு மூவகைப்படும் எனக் கண்டோம். பாடுவாரைக் காணும் அன்பு ஒன்று. பாடுவார் வாழ்க்கையைப் பாட்டில் தேடும் அன்பு ஒன்று. பாட்டைக் கேட்கும் அன்பு ஒன்று. முதலது புனைந்துரையாகவும் தெய்வமாக்கலாகவும் வெளிப்படும். இரண்டாவது சினமாகவோ இரக்கமாகவோ வெளிப்படும். மூன்றாவது பண்ணையும் தாளத்தையும் சொல்லையும் பெயரையும் பிழையின்றிச் சொல்ல முயலும் உழைப்பாக வெளிப்படும். முதலிரண்டும் இழிந்தன அல்ல. பெரும்பாலோர் அவற்றின் வழியே மூன்றாவதை அடைகின்றனர். யானும் அவ்வழியே வந்தேன். ஆனால் ஆராய்ச்சி அவ்விடங்களில் நின்றுவிடல் ஆகாது.

முதுகலை மாணவர் இத்துறையில் செய்தற்குரிய பணி மிகுதி. ஆற்றுப்படை நூல்களிலும் காப்பியங்களிலும் இசைமகளிர் வரும் இடங்களைத் தொகுத்து, உருவம் பற்றியவை எவை, வாழ்க்கை பற்றியவை எவை, கலை பற்றியவை எவை எனப் பகுத்துக் காணலாம். 20ஆம் நூற்றாண்டு இதழ்களில் வந்த இசை மதிப்புரைகளையும் அவ்வாறே பகுக்கலாம். கல்கி அவர்கள் கர்நாடகம் என்னும் புனைபெயரில் ஆனந்த விகடனில் எழுதியவை இதற்கு நல்ல தொடக்கமாகும். பழைய இசைத்தட்டுகளைத் திரட்டிப் பாடியவர், பண், தாளம், ஆண்டு ஆகியவற்றைக் குறித்தல் மற்றொரு பணி. பாடகி பெயர் அச்சாகாத தட்டுகளும் உள. அப்பெயர்களை அறிந்தோர் முதியராய் உள்ள இக்காலத்திலேயே கேட்டு எழுதிக் கொள்ளல் வேண்டும்.

எங்கள் ஊர்ப் பனைமரத்து ஒலிபெருக்கி இன்று இல்லை. அப்பாட்டு மட்டும் என்னிடம் உள்ளது. அதனை அண்மையில் மாணவர் சிலர்க்கு ஒலிக்கச் செய்தேன். அவர்களுள் ஒருவர், இந்த அம்மையார் யார், அவர் கதை என்ன என்றார். பெயரைச் சொன்னேன். கதையைப் பின்னர்ச் சொல்கிறேன், இன்னொரு முறை கேளுங்கள் என்றேன்.